நாலடி பதினோரு அங்குலம்

எங்கள் வீட்டில் கார் வாங்குவதென்று முடிவானபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். வாங்கப்போவது இரண்டு கை மாறிய சின்ன கார்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் அளந்ததைக் கேட்டவர்கள் ரயிலே வாங்கப்போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

தேனித் தரகர் அந்தக் காரைப் பற்றிய பழைய விவரத்தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை நான் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். நீளம் பதினொன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் நாலடி பதினோரு அங்குலம். என்ஜினில் இரண்டு வகை: ஆயிரம் சிசி பெட்ரோல், ஆயிரத்து ஐநூறு சிசி டீசல். சிசி என்றால் என்னவென்று தெரியாது. ஆயிரத்தைவிட ஆயிரத்து ஐநூறு பெரியது என்று தெரியும், அது போதாதா?

உத்தமபாளையத்தில் எங்கள் சந்துக்குள் இரண்டே வீடுகள். தெருமுனையில் பெரியப்பா வீடு, அதைத் தாண்டி உள்ளே எங்கள் வீடு. திராட்சைத் தோட்டத்தைப் பிரித்தபோது வரப்பு எங்கே போடுவது என்பதில் சண்டை வந்து, அப்பாவும் பெரியப்பாவும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. பிள்ளைகளான எங்களுக்கு அந்தத் தடை கிடையாது. நான் தினமும் பெரியப்பா வீட்டுக்குப் போவேன். பெரியம்மா கிணற்றடியில் விழுந்து தலையில் அடிபட்டு, சந்துப் பக்கத்து அறையில் மாதக்கணக்காகப் படுத்திருந்தார். சின்னச் சத்தம் கேட்டாலும் அவருக்குத் தலை விண்ணென்று வலிக்குமாம்; அங்கே மட்டும் பூனை நடை நடக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அப்பா சந்தை அளந்தார். மறுமுனையைப் பிடித்தது நான். முகப்பில் அளந்தோம், எங்கள் வாசலில் அளந்தோம். இரண்டிலும் ஆறடி. நடுவே, பெரியப்பாவின் படிக்கல் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

"இங்கன அளக்கலையாப்பா?"

"அண்ணன் வாசல்ல டேப்பை வச்சா, இவன் எடத்துக்கு அளக்குறான்னு நெனப்பாக. பேசாம வா."

மறுநாள் தரகர் டீசல் காரைக் கொண்டுவந்து சந்து முகப்பில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டார். "மலை ரோட்டுக்கு டீசல்தாண்ணே. மூச்சு வாங்காம ஏறும். செலவும் கம்மி" என்றார். நான் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பா காரைப் பார்க்கவே இல்லை. பெரியப்பா வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தச் சுவரிலிருந்த ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணுங்க. பெட்ரோல் வண்டியே இருக்கட்டும்" என்றார்.

நான் அன்று சோறு தின்னவில்லை. ஊரே டீசல் என்று சொல்லும்போது இவருக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போகிறது என்று அம்மாவிடம் அழுதேன்.

அந்த வாரமே பெட்ரோல் கார் வந்தது. அம்மா வாசலில் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். கார் சந்துக்குள் பாதி தூரம் வந்து, பெரியப்பாவின் படிக்கல்லில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் காருக்கு நாலு விரற்கடை போதவில்லை. அப்பா இறங்கிப் பார்த்தார். பின்னாலேயே ஓட்டிப்போய்த் தெருவில் நிறுத்தினார். மூன்று நாள் கார் அங்கேயே வெயிலில் கிடந்தது. யாரோ கதவில் ஆணியால் கோடு போட்டிருந்தார்கள். "ஒங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்னவாம்" என்றார் அம்மா. அப்பா அந்தக் கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் சாயங்காலம் பெரியப்பாவிடம் போனேன்.

"காரு அகலம் எத்தன ஆத்தா?" என்று அவரே ஆரம்பித்தார். எங்கள் காரைப் பார்த்து அவருக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு, நாலடி பதினோரு அங்குலம் என்று மிடுக்காகச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவைப் பற்றிய குறையையும் கொட்டினேன்.

"நல்ல டீசல் காரு வந்துச்சு பெரியப்பா. அப்பாதான் வேணாம்னுட்டாக. ஒங்க வீட்டுச் சுவத்துல கைய வச்சுப் பாத்துட்டு, பெட்ரோலே போதும்னுட்டாக. காருக்கும் சுவத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"எந்தச் சுவத்துல?"

"பெரியம்மா படுத்திருக்காகள்ல, அந்த ரூமுச் சுவத்துல."

பெரியப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியவர்களைப் பற்றிக் குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் நழுவி வந்துவிட்டேன்.

மறுநாள் நான் எழுந்து வரும்போது பெரியப்பா சந்தில் குத்துக்காலிட்டு, உளியும் சுத்தியலுமாக அந்தப் படிக்கல்லை உடைத்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கள் வாசலில் பல்குச்சியோடு அப்படியே நின்றார். "படி வழுக்குது, அதேன்" என்று பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். சில்லுகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று பத்து மணிக்குள் கார் எங்கள் வாசலில் நின்றது.

அண்ணனுக்குத் திடீரென்று எப்படி மனசு வந்தது என்று அப்பா அன்று முழுக்க அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் காருக்குள் உட்கார்ந்து காதில் விழாத மாதிரி ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முந்தின சாயங்காலம் பெரியப்பாவிடம் அப்பாவைப் பற்றிக் கோள் சொன்னது தெரிந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடுமே என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.