சுங்கை பூலோவிலிருந்து வந்த மஞ்சள் பொடி

என் கணவரை ஏற்றிக்கொண்டு போன லோரியை நான் பார்க்கவில்லை. 1943ஆம் வருஷம், ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம். மரவள்ளிக்கிழங்கு வாங்கி வருவதற்குப் பாசாருக்குப் போனவர் திரும்பவில்லை. ஜப்பான்காரர்கள் தெருவின் இரண்டு பக்கமும் மறித்து, உடம்பில் தெம்புள்ள ஆண்களையெல்லாம் ஏற்றிப் போனார்கள் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாதத்தில் விட்டுவிடுவார்களாம்.

என் பெயர் எஸ்தர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிறேன். என் கணவர் தானியேல் ரயில்வேயில் தச்சு வேலை பார்த்தவர். சபையாரே, உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். இந்தக் கோயிலின் பின் கதவை மாட்டியவர் அவர்தான். எங்களுக்கு ஒரே மகள், கிருபை. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

மூன்று மாதம் போயிற்று. அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அவருடைய சட்டை வேஷ்டியெல்லாம் கிழங்காக மாறித் தீர்ந்தன. அந்த நாள்களில் நான் காலையும் மாலையும் முழங்காலில் நின்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். அவரைச் சுகமாகத் திருப்பி அனுப்பும், ஆண்டவரே.

அவர் வரவில்லை. வேறொன்று வந்தது.

ஆகஸ்ட் மாதம், ஆற்றோரம் நான் கங்கோங் கீரை பறித்துக்கொண்டிருந்தபோது கிருபை துருப்பிடித்த தகரத்தில் காலை வைத்துவிட்டாள். கணுக்காலுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அரிசிச் சோறு கண்டு பல மாதமான உடம்பு. கீறல் ஆறவில்லை. புண்ணாயிற்று. கட்டுப் போட்டால் நடக்கும்போது மண் புகுந்துவிடும்.

அதற்காகத்தான் முதல் செருப்பைச் செய்தேன். தொழிலாக நினைத்துச் செய்யவில்லை. என் கணவரின் உளியையும் கத்தியையும் எடுத்து, வீட்டில் கிடந்த ரப்பர் ஷீட்டை அவள் கால் அளவுக்கு வெட்டினேன். கோணிச் சாக்கை மூன்று புரியாகப் பின்னி வாராக்கினேன். நூல் எங்கும் கிடைக்கவில்லை. அன்னாசி இலையைச் சுரண்டி நாரெடுத்து, கோணி ஊசியில் கோத்துத் தைத்தேன். பார்க்க அழகாக இல்லை. ஆனாலும் கட்டு தரையில் படவில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு ஜோடி கேட்டார். பதிலுக்கு ஒரு கிழங்கு கொடுத்தார். பிறகு அவருடைய தங்கை கேட்டார். அப்படியே பாசார் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார ஆரம்பித்தேன். நல்ல குடும்பத்துப் பெண் ரோட்டில் செருப்பு விற்கிறாள் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் முகத்தைத் திருப்பியிருப்பேன்.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் என்னிடம் நான்கு ஜோடி எடுத்தார். காதர் பாய் என்று கூப்பிடுவோம். விற்கத் துணியில்லாமல் கடையின் அலமாரியெல்லாம் காலியாகக் கிடந்த காலம். ஒரு வாரம் கழித்து நான்கு ஜோடியோடும் திரும்பி வந்தார். வெயில் ஏறியதும் அடி இளகித் தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டதாம். அவருடைய மச்சான் காலைத் தூக்க, வார் மட்டும் காலோடு வந்ததாம். தையல் போட்ட இடமெல்லாம் நார் ரப்பரை அறுத்திருந்தது. கொடுத்த கிழங்கு மாவைத் திருப்பிக் கேட்பார் என்று பயந்தேன். அதை நாங்கள் எப்போதோ சாப்பிட்டாயிற்று.

அவர் கேட்கவில்லை. புகை போட்டு உலர்த்தாத ஷீட்டில் செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார். மேரு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் புகை போட்ட ஷீட்டு வாங்குவார் இல்லாமல் கிடப்பதாகச் சொல்லி, அடுத்த முறை சைக்கிளில் ஒரு கட்டுக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு ஷீட்டுக்கு நடுவே கோணியை வைத்துத் தைத்துப் பார்த்தேன். நார் அறுக்கவில்லை. அதன் பிறகு நான் செய்ததைக் கிள்ளானில் அவர் விற்றார். பண்டமாரான் வரைக்கும் போனதாம். அரிசி, உப்பு, தேங்காயெண்ணெய் என்று ஏதாவது வரும்.

கை நிறைய வேலை இருந்தது. ஆனால் என் பிள்ளையின் கால் அழுகிக்கொண்டே போனது.

நவம்பர் மாதம் புண் உள்ளங்கை அளவாயிற்று. அதன் வாடையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவளைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நல்லவர். கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறியது. மருந்து எதுவும் மிச்சமில்லை, விஷம் மேலே ஏறினால் உயிர் போய்விடும், வருகிற திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். முழுதாக மயக்கம் கொடுக்கவும் மருந்து போதாது என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் பண்ணிய ஜெபத்தை உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இது பொய்ச்சாட்சியாகிவிடும். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ரப்பரை வெட்டியபடியே சொன்னேன். ஆண்டவரே, அவள் காலைக் கொடும், இல்லாவிட்டால் அவளையே எடுத்துக்கொள்ளும். அறுக்கிற வேதனை அவளுக்கு வேண்டாம். பெற்றவள் நான், பிள்ளை சாக வேண்டும் என்று கேட்டேன். கேட்ட பிறகு ஜெபிக்க எனக்கு வார்த்தையே வரவில்லை.

மறுநாள் செருப்பு எடுக்க வந்த பாய் ஒரு செய்தி கொண்டுவந்தார். சுங்கை பூலோவில் குஷ்டரோகிகள் குடியிருப்பிலிருந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஒரு டிரெசர் அவரைத் தேடி வந்தாராம். அங்கே இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள்ளும் கல்லும் குத்தினால் தெரியாது, புண்ணாகி விரல் விரலாகப் போய்விடும். செருப்பு வேண்டும், செய்துகொடுக்க ஒருவரும் வரவில்லை. நான் முடியாது என்றேன். எனக்குப் பயம். வீட்டில் புண்ணோடு ஒரு பிள்ளை. தெரிந்தால் யாரும் என்னிடம் வாங்கவும் மாட்டார்கள்.

பாய் வற்புறுத்தவில்லை. “அவங்க சர்க்கரைவள்ளி போடுறாங்க, கெழங்கு தர்றேங்கறாங்க. இஷ்டம்னா போ தங்கச்சி, இல்லாட்டி வேணாம்,” என்றார்.

சபையாரே, அன்பினால் போனேன் என்று சொல்ல ஆசைதான். நான் கிழங்குக்காகப் போனேன். காலை எடுத்த பிறகு பிள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டுமே என்றுதான் போனேன்.

வியாழக்கிழமை காலை, முனியம்மா அக்காவிடம் கிருபையை விட்டுவிட்டு ரயில் ஏறினேன். குடியிருப்பின் வாசலில் டிரெசர் காத்திருந்தார். ஒரு மரத்தடியில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார். எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். முதல் ஆள் மாணிக்கம். முன்னே ஏதோ ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். நெற்றியில் திருநீறு. வலது காலில் விரல்கள் இல்லை. நான் பழைய காகிதத்தைத் தரையில் போட்டு, காலை அதில் வைக்கச் சொல்லி, நீளமான குச்சியில் கரியைக் கட்டி எட்ட நின்று கோடு போட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“தொடாம அளந்தா அளவு தப்பும், தங்கச்சி. அப்புறம் செருப்பு கடிச்சாலும் எனக்குத் தெரியாது.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அவர் பாதத்தைக் கையில் பிடித்தேன். சில்லென்று இருந்தது. பாதத்தின் ஓரத்தில் ஒரு புண், துணி சுற்றியிருந்தது. அந்த வாடை. என் வீட்டில் இருக்கும் அதே வாடை. அவ்வளவுதான், எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அடக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டார். பிள்ளையைச் சொன்னேன், காலைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன்.

அவர் எழுந்து, கைக்கோலை ஊன்றிக்கொண்டு மெதுவாகத் தம் குடிலுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன சிகரெட் டின். திறந்ததும் மூக்கில் குத்துகிற வாசம். உள்ளே பாதிக்கு மேல் மஞ்சள் பொடி. டிரெசர் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சமையல் மஞ்சள் இல்லை, சண்டை வருவதற்கு முன்னே ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போட்டு வந்த மருந்துப் பொடி. மருந்து தீரப்போகிற காலத்தில் மாணிக்கத்துக்குக் கிடைத்த பங்கு. அவர் அதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி வந்திருக்கிறார்.

நான் வாங்கத் தயங்கினேன். உங்கள் காலுக்கு வேண்டாமா அண்ணே என்றேன்.

“எனக்கு அங்க வலி தெரியாது, தங்கச்சி. ஒம் பொண்ணுக்குத் தெரியும்ல.”

டிரெசர் விவரமாகச் சொல்லிக்கொடுத்தார். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, செத்த சதையை எடுத்துவிட்டு, பொடியை மெல்லத் தூவிச் சுத்தமான துணியால் கட்ட வேண்டும். மதியம் வீடு வந்ததும் அப்படியே செய்தேன். பிள்ளை கத்திய கத்தலில் முனியம்மா அக்கா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வெள்ளியும் சனியும் ஒரு மாற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தேன், பாட்டு நேரத்தில் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை அவளைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கட்டைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். புண்ணின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது, புதுச் சதை, இன்னும் ஒரு வாரம் பொறுப்போம் என்றார்.

ஒரு வாரம் இரண்டாயிற்று. 1944ஆம் வருஷம் தவக்காலம் வருவதற்குள் புண் மூடிவிட்டது. கிருபை கொஞ்சம் விந்தி நடக்கிறாள். இரண்டு காலால் நடக்கிறாள்.

பன்னிரண்டு ஜோடியையும் செய்துகொண்டு போனேன். மாணிக்கம் அண்ணனுக்கு முன் பக்கம் மூடி, உள்ளே பழைய துணி அடைத்துத் தைத்திருந்தேன். போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஆனால் அவர் புண் ஏற்கனவே எலும்பைத் தொட்டிருந்தது. அங்கே சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. அந்த வருஷ மழைக்காலத்தில் நான் ஏழாவது முறை போனபோது அவர் இல்லை. புதைத்து ஒன்பது நாளாகியிருந்தது. அந்தச் செருப்பை வேறொருவர் போட்டிருந்தார்.

நான் சுங்கை பூலோவுக்குப் போய் வருவது தெரிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் செருப்பு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பாய் மட்டும் நிறுத்தவில்லை. கேட்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்லித்தான் விற்றார். பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேரை வைத்து நானும் பிள்ளையும் பிழைத்தோம்.

சண்டை முடிந்தது. இந்த அக்டோபரில் சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். என் கணவரோடு ஒரே குடிசையில் படுத்திருந்தவர். அங்கே போய்ச் சேர்ந்த நான்காம் மாதமே காலரா வந்து அவர் போய்விட்டாராம். நான் இரண்டு வருஷமாக இறந்துபோனவருக்குச் சுகம் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்குப் புண் மூடுவதற்கு முன்பே அவர் இல்லை.

அந்த ஜெபமெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்கு வந்த பதில், இன்னொரு மனிதனின் காலிலிருந்து எடுத்து வந்த பதிலா என்றும் ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக நான் இங்கே சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது இதுதான். பிள்ளையின் சாவைக் கேட்ட என் வாயைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான் கிழங்குக்குப் போனேன், அவர் மருந்தோடு அங்கே நின்றார். நம்முடைய கோயிலுக்கு வராத ஒரு பாய் வழி காட்ட, நம் வேதத்தைத் தொடாத ஒருவர் கையால் கொடுத்தார். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அழுதுகொண்டேதான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஜெபிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வேன். இப்போது திறந்து வைத்திருக்கிறேன், யார் வருகிறார்கள் என்று பார்க்க. உங்களில் சயாமிலிருந்து ஆள் திரும்பாத வீடுகள் பல இருக்கின்றன. வாய் திறந்து ஜெபிக்க முடியாதவர்களும் இருப்பீர்கள். வார்த்தை வராவிட்டால் வராமல் போகட்டும். ஆண்டவரைத் தேடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாம் போகக் கூசுகிற இடத்திலும் அவர் இருக்கிறார்.

சனிக்கிழமை காலை ரயிலில் சுங்கை பூலோவுக்கு இருபது ஜோடி கொண்டுபோகிறேன். ஒருத்தியாகச் சுமக்க முடியவில்லை. யாராவது கூட வாருங்கள்.