டிக்கிக்குள் ஒரு தேங்காய்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரிடமும் தப்பை ஒத்துக்கொண்டதில்லை, ஒரு நாளைத் தவிர.

தொண்ணூறுகளில் லண்டனில், இல்ஃபோர்டில் இருந்தோம். மகன் குகன், பிள்ளைத்தாய்ச்சி மனைவியை மறுநாள் தன் பழைய அமெரிக்கக் காரில் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக இருந்தான். ஓடும்போது காரின் பின்பக்கத்தில் ஏதோ தட்டியது.

"வளைவிலையும் தட்டுது, ஆக்சிலேட்டரிலை இருந்து காலை எடுத்தாலும் தட்டுது. பிடிபடேல்லை" என்றான். பின் அச்சைத் திறந்து பார்த்தான், குறையில்லை. மறுபடி ஜாக்கியில் தூக்கிய காருக்குக் கீழே புகுந்தான். அவன் சுத்தியலால் அடிக்கும்போதெல்லாம் கார் ஆடியது. ஜாக்கி நழுவினால் அவன்மேல்தான் விழும்.

"தம்பி, வெளியாலை வா. பயணத்துக்குக் காவலா டிக்கிக்குள்ளை தேங்காய் வைச்சனான்."

"உங்கடை பிள்ளையாருக்காண்டி விடியக்காலமை துவங்கி எண்ணெயிலை குளிக்கிறன், அம்மா" என்று சிரித்தான்.

தேங்காயை எடுத்துவிட்டுக் காரை ஓட்டிப் பார்த்தோம். வளைவில் சத்தமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து அவன் காலை எடுத்ததும், 'டக்'.

அவன் சிரிப்பு நின்றது. இறங்கி, காருக்குக் கீழே புகுந்து, பின் அச்சைச் சுழற்றும் தண்டைப் பிடித்து ஆட்டினான். அதன் மூட்டு கையோடு ஆடியது.

"நாளைக்கு மோட்டர்வேயிலை கழண்டிருக்கும்" என்றான்.

பிள்ளையார் காப்பாற்றினார் என்று சனம் சொன்னது. நானும் தலையாட்டினேன். இரண்டு சத்தத்தையும் ஒன்றென்று நம்பவைத்து அந்தப் பழுதை மறைத்தது என் தேங்காயும் திறக்காத என் வாயும்தான்.

கயல், அண்டைக்கு வயித்துக்குள்ளை இருந்தவள் நீதான். எழுதினதை ஒருக்கா வாசி, பிள்ளை.