தள்ளு என்றார்கள், தள்ளினேன்

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணி. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தின் வாசலில் நானும் என் மகளும் நின்றுகொண்டிருந்தோம். ஆறரை மணிக்கு உள்ளே பாட்டுக் கச்சேரி. கச்சேரி என்றதும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் நின்றபடியே பாடகரோடு சேர்ந்து தொண்டை கிழியப் பாடுகிற கச்சேரி இது.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. திருக்கழுக்குன்றத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உடை, சாப்பாடு, செல்போன் என்று எதை எடுத்தாலும் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒத்துப்போவது அந்தப் பாடகர் ஒருவர் விஷயத்தில் மட்டும்தான். அவர் குரல் கேட்டால் இன்றைக்கும் காய் நறுக்குகிற கை எனக்கு அப்படியே நின்றுவிடும். டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர், கையில் இருக்கும் போன், மூன்றிலும் ஒரே நேரத்தில் முட்டி மோதி இரண்டு டிக்கெட் வாங்கினேன். அன்றிலிருந்து இரண்டு மாதம், இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று போனில் எங்களுக்கு இதே பேச்சு.

என்னைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காத்திருக்க வராது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிற ஆள் நான். கோயிலோ ரேஷன் கடையோ, "கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய்விடுவேன். சொன்ன சொல்லுக்கு எல்லாரும் ஒதுங்கி வழி விடுவார்கள். அதை என் சாமர்த்தியம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நான்கு மணிக்குத் திறப்போம் என்று சொன்ன கேட் நாலரை ஆகியும் திறக்கவில்லை. சாலையிலிருந்து கேட் வரைக்கும் இரண்டு பக்கமும் தகரம் அடித்திருந்தார்கள். சாலைப் பக்கம் அகலமாக இருந்த வழி, போகப்போகக் குறுகிக் கேட்டில் முடிந்தது. நாங்கள் நடுவில் இருந்தோம். தன் விடுதித் தோழிகள் முன்னால் நிற்பதை மகள் பார்த்துவிட்டாள். போகட்டுமா என்று கேட்டாள். நான்தான் போ போ என்று விரட்டினேன். மேடைக்கு எதிரே இருக்கும் கம்பித் தடுப்போரமாக எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வை என்று சொல்லி அனுப்பினேன். மஞ்சள் குர்த்தி போட்டிருந்தாள். நாலைந்து தலைகளைத் தாண்டியதும் அந்த மஞ்சள் மறைந்துவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியைச் சரிபார்க்கத்தான் தட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், எல்லாப் பக்கமும் விசில், கூச்சல். மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் கேட்டை நோக்கி நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தள்ளு, தள்ளு." ஒரு குரல் பத்தாயிற்று, ஐம்பதாயிற்று. எங்கள் காதுக்கு வந்து சேரும்போது அதற்கு ஒரு தாளம் கூட வந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற பையன்கள் அதற்குக் கை தட்டினார்கள். வழியில் நின்றுபோன பஸ்ஸை இறங்கித் தள்ளுவோமே, அதுபோலக் கேட் மாட்டிக்கொண்டிருக்கிறது, திறக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் நீலச் சட்டை போட்ட ஓர் உயரமான ஆள் நின்றிருந்தார். அவர் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினேன். நானும் "தள்ளு, தள்ளு" என்று கத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் கத்தினேன்.

பிறகு அந்தச் சத்தம் மாறியது. தாளம் போய் வீறிடல் மட்டும் கேட்டது. தூரத்தில் தலைகளுக்கு மேலே சில கைகள் உயர்ந்தபடி இருந்தன. அவை ஆடவில்லை. பக்கவாட்டில் தகரம் மடங்குகிற ஓசை வந்தது. நீலச் சட்டைக்காரரால் உடம்பைத் திருப்ப முடியவில்லை, கழுத்தை மட்டும் திருப்பினார்.

"தள்ளாதமா. முன்னாடி ஆளுங்க வுழுந்து கீறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னால் இருந்தவர்கள் தள்ளச் சொல்லவே இல்லை. தள்ளிப் போங்கள், விலகுங்கள் என்று உயிருக்குக் கெஞ்சியிருக்கிறார்கள். வரிசையில் நான் தினமும் சொல்கிற அதே "தள்ளு". அதை நாங்கள் பின்னாலிருந்து வேறு மாதிரி எடுத்துக்கொண்டோம். அவர்கள் கத்தக் கத்தத் தள்ளியிருக்கிறோம். என் மகளை அந்த முன்பக்கம் அனுப்பியவளும் நான்தான்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்தக் கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போனை எடுக்கலாம் என்றால் கையை மடக்க இடமில்லை. என் கைகள் இன்னும் அந்த நீலச் சட்டையின் மீதுதான் இருந்தன. எடுக்க முடியவில்லை. இப்போது நான் தள்ளவில்லை, எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள், அந்த அழுத்தம் என் கை வழியாக அவர் முதுகுக்குப் போனது. கால் தரையில் பாவவில்லை. மூச்சு உள்ளே பாதி, வெளியே பாதி என்று நின்றது. அவளுக்கு இதைவிட எத்தனை மடங்கு இருக்கும் என்று நினைத்தபோது, கடவுளே, என்னை எடுத்துக்கொள் என்றுதான் தோன்றியது.

எங்களுக்குச் சற்று முன்னால் ஒருவரை இரண்டு பேர் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம். பக்கத்துக் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர் என்று பிறகு சொன்னார்கள். அவரும் பாட்டு கேட்க வந்தவர்தான். கேட்டுக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நிறுத்துங்கள் என்று கத்திப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை. அப்புறம் இரண்டு கைகளாலும் கயிறு இழுப்பதுபோல இழுத்துக் காட்டினார்.

"இஸு! பின்னாடி இஸு! முன்னாடி கீறவன் சட்டைய புடிச்சு இஸு!"

இழு என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கூட்டத்துக்குள் இருந்த அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் அதை வாங்கித் திருப்பிச் சொன்னார்கள். படகை மணலுக்கு ஏற்றும்போது குரல் கொடுப்பார்களே, அப்படி. ஒரு குரல், ஓர் இடைவெளி, மறுபடி ஒரு குரல். தள்ளு என்ற தாளத்துக்கு ஆடிய அதே கூட்டம் இப்போது இதற்கு மாறியது. நான் நீலச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். தோள்பட்டையில் தையல் பிரிந்தது. என் இடுப்பில் யாரோ துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்து என்னை இழுத்தார்கள். ஓர் அடி, இன்னோர் அடி. கால் தரையைத் தொட்டது. அதற்குள் பக்கத்துத் தகரங்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஓடினேன். தரையெல்லாம் செருப்பு, ஹேர் கிளிப், உடைந்த கண்ணாடி. சிலரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராக எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறம் எங்கே தெரிந்தாலும் அங்கே ஓடினேன். கடைசியில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம்.

"பின்னாடிலேந்து தள்ளிக்கினே இருந்தாங்கம்மா. கத்துறோம், நிறுத்தவே மாட்டேங்குறாங்க" என்றாள்.

அந்தப் பாவிகள் நன்றாகவே இருக்க மாட்டார்கள் என்று நான் சபித்தேன். ஆமாம், நான்தான், வாய் கூசாமல்.

உள்ளே போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஆம்புலன்ஸில் போனவர்கள் எல்லாரும் பிழைத்து வீடு திரும்பியதாக இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் படித்தபோதுதான் ஒரு வாய் சோறு இறங்கியது. ஆனால் நானும் தள்ளினேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு வருடமாகச் சொல்லவில்லை.

இப்போது அதே பாடகர் மறுபடியும் இந்தக் கரைக்கு வருகிறார். மகள் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டு ஆசையாகப் போன் செய்தாள். இதற்கு மேல் மறைத்தால் அவளோடு அந்த வாசலில் போய் நிற்க என்னால் முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பொத்தேரிக்குப் போனேன். அவள் விடுதி எதிரே இருக்கும் பரோட்டா கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று பயந்தபடியே இருந்தேன். அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நானுந்தாம்மா தள்ளுனேன். எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. தள்ளு தள்ளுன்னு அவ அழுதா. நானும் மொதல்ல தப்பாத்தாம்மா புரிஞ்சிக்கினேன். அவ மொகத்தக்கூட பாக்கல. ஜடை மட்டும்தான் ஞாபகம் கீது."

அடுத்த மாதம் போகிறோம், எல்லாரும் உள்ளே போன பிறகு கடைசியாகப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். எந்தக் கூட்டத்தில் நின்றாலும் இப்போது எனக்கு முன்னால் தெரிகிற முதுகுக்கும் அப்பால் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்குமோ என்று ஒரு பயம் வந்து கையைப் பின்னுக்கு இழுக்கிறது, அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே வேண்டாம்.