இருபத்து நாலாவது ரீசார்ஜ்

ரீசார்ஜ் கடையில் உட்காருகிறவளுக்கு வாய் வேண்டாம், காலண்டர் ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். இப்போதுகூட மடியில் ஒரு போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பழைய டூத்பிரஷ்ஷால் சார்ஜ் போடுகிற ஓட்டையில் இறுகிப்போன உப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மரக்காணத்தில் போன் ரிப்பேர் என்றால் பாதி இதுதான். நாலு தேய்ப்பு தேய்ப்பேன், ஊதுவேன், அப்புறம் இந்த நோட்டில் ரெண்டு வரி எழுதுவேன்.

நான் ஆறாவது வரைதான் படித்தேன். புது ஆள் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. வீட்டுக்காரர் உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறார். கடை ஓனரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மகளைக் கடைக்குள்ளேயே தூளி கட்டிப் போட்டுக்கொள்ளச் சொன்னார், அதற்காகவே வந்தேன். என்னைப்போல கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு கம்பெனி சொன்ன வார்த்தைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இதெல்லாம் புரியும்.

ஆஃபர் வந்த சனிக்கிழமை

அன்றைக்கு மாசி அமாவாசை, சனிக்கிழமை. உப்பளத்தில் வாரக்கூலி கொடுக்கிற நாள். அண்ணன் வாசலில் மேஜை போட்டு, பலூன் கட்டி, புது போன்களை அடுக்கி வைத்தார். ரெண்டாயிரம் கொடுத்துப் போனை வாங்கி, அதே சிம்மில் இருபத்தெட்டு நாள் பேக்கை நடுவில் ஒரு நாள்கூட விடாமல் இருபத்து நாலு தடவை போட வேண்டும். கடைசி பேக் முடிந்த ஏழு நாளைக்குள் அந்தப் போனிலேயே ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் ரெண்டாயிரம் ரூபாய் பேங்க் கணக்குக்குத் திரும்பி வரும். ஒரு நாள் விட்டாலும் போச்சு, ஏழு நாள் தாண்டினாலும் போச்சு. "ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று அண்ணன் சொல்லிச் சொல்லி விற்றார். பன்னிரண்டு பேர் வாங்கினார்கள்.

அதில் அஞ்சலை அக்காவும் ஒருத்தர். உப்பு வாரிக் குவிக்கிற வேலை. வருஷக்கணக்காக வெயிலில் அந்த வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. கண் முகாமில் கண்ணாடி போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ரெண்டாயிரம். அந்தப் பணம் அன்றைக்கு அவர் கையில் இருந்தது. எனக்கு மனசு கேட்காமல், அக்கா, மொதல்ல கண்ணாடி வாங்கிக்கோங்களேன் என்று முனகினேன். அவர் என்னைப் பார்த்து, பார்த்து என்றால் நான் இருந்த திசையைப் பார்த்து, சொன்னார்: "கண்ணாடி வாங்கினா கண்ணாடியோட முடிஞ்சுது. போன் வாங்கினா பின்னாலயே கண்ணாடியும் வரும் இல்ல, கடைக்காரம்மா?"

அமாவாசைக் கணக்கு

முதல் தடவையே சிக்கல் வந்தது. எங்கள் பக்கம் பல பேருக்கு மாசம் என்றால் அமாவாசைக்கு அமாவாசைதான். அமாவாசையில் போன் வாங்கினார்கள், அதனால் அடுத்த ரீசார்ஜும் அமாவாசைக்கு என்று இருந்துவிட்டார்கள். நான் காலண்டரைப் பார்க்கிறேன், பேக் சனிக்கிழமையோடு முடிகிறது, அமாவாசையோ திங்கட்கிழமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒரு நாளில் பன்னிரண்டு பேர் பணமும் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். வரப்பில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே பத்து நிமிஷம் நின்றேன். பிள்ளை அழுததால்தான் திரும்பிப் பார்த்தார்கள். ரீசார்ஜ் இன்னைக்குத்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அஞ்சலை அக்கா உப்பு வாருகிற பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது. உங்க கம்பெனிக்காரரு எந்த வானத்தப் பாத்து மாசம் எண்றாரு?"

பை நூலில் முடிச்சு

மாசாமாசம் உப்பளத்துக்கு ஓட முடியாது. தேதியை போன் முதுகில் எழுதி ஒட்டினேன், உப்புத் தண்ணி பட்டு ஒரே வாரத்தில் அழிந்தது. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இருபத்தெட்டு நாள் என்றால் சரியாக நாலு வாரம். சனிக்கிழமை போட்டால் எப்போதும் சனிக்கிழமைதான் வரும், அன்றைக்குக் கையில் கூலியும் இருக்கும். வேலை செய்கிற பெண்கள் போனை ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பை நூலில் மூன்று முடிச்சு போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒன்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க முடிச்சே இல்லாத சனிக்கிழமை கடைக்கு வரவேண்டும். வந்தால் ரீசார்ஜ் போட்டு மறுபடி மூன்று முடிச்சு.

பேசத் தெரியாத எனக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது. நூலைப் பிடித்துக் காட்டினால் போதும். அக்கம்பக்கத்தில் நான் ஏதோ மந்திரித்துக் கொடுக்கிறேன் என்று பேச்சு கிளம்பி, ஒருத்தருடைய மாமியார் மூட்டுவலிக்கு ஒரு கயிறு கேட்டு வந்து உட்கார்ந்ததும் நடந்தது. முடிச்சு அவிழ்ப்பதில் எல்லோரையும்விட கெட்டிக்காரி உப்பளத்து ராணி அக்கா. ஒரு சனிக்கிழமை நான் முடிச்சு போடுவதைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்: "எங்க வீட்டுக்காரரு போட்டாரே மூணு முடிச்சு, அதையும் இப்படி வாரத்துக்கு ஒண்ணா அவுக்கலாம்னா எவ்ளோ நல்லாருக்கும்."

பெட்டிக்குள் இருந்த போன்

ஆம்பளைகளில் வாங்கியவர் ஏகாம்பரம் மாமா ஒருத்தர்தான். கடலுக்குப் போகிறவர். நாலு வாரத்துக்கு ஒருமுறை சரியாக வருவார், நம்பரை ஒப்பிப்பார், பணத்தைக் கொடுப்பார், போய்விடுவார். போனை மட்டும் நான் பார்த்ததே இல்லை. ஏழெட்டு மாசம் கழித்து, மாமா, போன் நல்லா ஓடுதா என்று தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

வாங்கின அன்று அட்டைப்பெட்டியில் எப்படி இருந்ததோ அப்படியே பீரோவில் இருக்கிறதாம். சிம் உள்ளே இருக்கிறது, அமாவாசைக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுகிறார், சூடம் காட்டுகிறார், மூடி வைத்துவிடுகிறார். பேசினால் தேயும், தேய்ந்த போனுக்கு முழுப் பணம் தர மாட்டான் என்று அவராகவே ஒரு சட்டம் வைத்திருந்தார். நீங்க பேசலாம் மாமா, பேசறதுக்குத்தான் பேக் போடறோம் என்றேன். அவர் என்னை ரொம்ப நேரம் பாவமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேச ஆயிரம் நாள் இருக்குதும்மா, மொதல்ல பணம் வந்து சேரட்டும்."

ரெண்டு வருஷம் எத்தனை நாள்

ரெண்டாவது வருஷம் ஐப்பசி மழை. உப்பளம் தண்ணியில் முழுகிவிட்டது, கடைக்கு ஆள் வருவதில்லை. சும்மா இருக்கிற நேரத்தில் காலண்டரில் புள்ளி வைத்து எண்ணினேன். இருபத்து நாலு இருபத்தெட்டு, அறுநூற்று எழுபத்திரண்டு. ரெண்டு வருஷத்துக்கு எழுநூற்று முப்பது நாள். ஐம்பத்தெட்டு நாள் குறைகிறது.  மாசியில் வாங்கினதால் பணமும் மாசியில் வரும் என்று பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். கணக்கோ மார்கழியிலேயே முடிகிறது. மாசி வரைக்கும் காத்திருந்தால் பட்டன் வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு வருஷம்னுதானே எல்லாரும் சொல்றாங்க, நீ என்ன புதுசா" என்றார். சந்தேகம் தீர கம்பெனிக்கே போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள் என்று கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "உங்க கணக்கு சரிதான் மேடம்" என்றது அந்தப் பெண். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. பதிலுக்கு நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வேணாங்க, நீங்க சாப்டீங்களா என்று கேட்டுவிட்டேன்.  அப்புறம் அந்தக் குரல் தணிந்து, நம்ம ஊர்ப் பெண் குரலாக மாறிச் சொன்னது: "இன்னும் இல்லக்கா, ரெண்டு மணிக்குத்தான் விடுவாங்க."

மார்கழி முதல் சனிக்கிழமை

அன்றைக்குப் பட்டன் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம். சொல்லி அனுப்பியதில் முதல் மூன்று நாளில் பதினோரு பேர் வந்து அழுத்திவிட்டார்கள். ஏகாம்பரம் மாமா பெட்டியோடு வந்தார், அழுத்துவதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டார்.

அஞ்சலை அக்கா மட்டும் வரவில்லை. மழைக்கு வேலை இல்லாததால் இடையஞ்சாவடி பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பாத்திரம் கழுவப் போயிருந்தார். கடைசி ரெண்டு ரீசார்ஜுக்கும் முன்னாலேயே பணம் கொடுத்துவிட்டுப் போனதால் நான் இங்கிருந்தே போட்டிருந்தேன். ஆனால் பட்டனை இங்கிருந்து அழுத்த முடியாது. போன் போட்டேன். ரெண்டு ரிங் போகும், கட் ஆகும். திரும்பப் போட்டேன், கட். நாலு நாள் இப்படியே. என் மேல் என்ன கோபமோ என்று எனக்கு ஒரே யோசனை. ரெண்டு வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் கிடக்கிறார், நம்ம கடை பேச்சை நம்பித்தான். வியாழக்கிழமை ராணி அக்காவிடம் சொல்லி அழாத குறை. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "போன்லயே பேச்சு வராத உனக்கு, நேர்ல போனா மட்டும் வந்துடுமா? போய்த்தான் பாரேன்."

பஸ் பயணம்

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன். தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சம். வாயைத் திறப்பதற்குள் ஸ்டாப் தாண்டிவிட்டது. அடுத்ததில் இறங்கி, பிள்ளையோடு திரும்பி நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, மூன்று பேரிடம் வழி கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரே நாளில் மூன்று புது ஆட்களிடம் பேசியது அன்றைக்குத்தான். கெஸ்ட் ஹவுஸ் பின்கட்டில் அஞ்சலை அக்கா பெரிய குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அதே பை.

"அக்கா, போனக் குடுங்க" என்று கையை நீட்டினேன். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். பட்டனை அழுத்தினேன், ஓடிபி வந்தது, போட்டேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை முடியைப் பிடித்து இழுக்கிறாள், நான் அசையவில்லை. அப்புறம் பச்சையாக டிக் வந்தது. உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று எழுத்து. சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். போனை எடுக்கிற பச்சை வட்டமும் கட் பண்ணுகிற சிவப்பு வட்டமும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஏனென்றால் அடுத்ததாக அவர் கேட்டது இது: "நாலு நாளா எவளோ ஒருத்தி போன் போடறா, நான் எடுத்தா வாயத் தொறக்காம வெச்சுடறா. யாருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

கண்ணாடி

பணம் பத்து நாளில் வந்தது. தை பிறந்ததும் அக்கா கண்ணாடியோடு கடைக்கு வந்தார். வாசலில் நின்று போஸ்டரை, விலைச்சீட்டை, எதிர்த்த கடை போர்டை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே வந்து கவுண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். ரெண்டு வருஷமாகக் கடைக்காரம்மா என்று கூப்பிட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "அடிப்பாவி, இத்தினிக்கூண்டு பொண்ணா நீ? அதிகம் பேசாம கணக்கா இருக்குறாங்களே, பெரிய வயசுக்காரம்மான்னு நெனச்சில்ல இத்தினி நாளா பயந்துட்டிருந்தேன்."

இப்போது புது ஆஃபர் வந்திருக்கிறது. இந்தத் தடவை முப்பத்தாறு ரீசார்ஜ். அட்டைப்பெட்டி மேல் பணம் எவ்வளவு என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது, எப்போது என்பது எறும்பு எழுத்தில் இருக்கிறது. பணம் திரும்பி வரும் நாளைப் படிக்க ஒரு கண்ணாடி வேண்டும், அந்தக் கண்ணாடியை வாங்க அந்தப் பணம் திரும்பி வர வேண்டும், இதுதான் இந்தத் தொழில் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் அண்ணன் வாசலிலிருந்து "செல்வி, பாப்பா தூளிய விட்டு எறங்கி ரோட்டுக்குப் போவுது பாரு" என்று கூப்பிடுகிறார், அதனால் நான்