தாதாங்கின் குரலுக்கு ஐந்து மதிப்பெண்

“எங்க அண்ணன் கடைசியா உங்களைத்தான் போன்ல கூப்பிட்டாரு, காங்! அந்த இடத்துல பாத்தகோர் பலகாரம் விக்கிறவரு கண்ணால பார்த்திருக்காரு!”

“வரவே இல்லைங்கிறேன்ல, நெங்! பதிவுல இருந்தா காட்டு!”

இது நடந்தது. நான் கட்டிவிட்ட கதையில்லை. இறந்துபோன தாதாங்கின் தங்கை லிலிஸும், அவனுடைய கூட்டாளி குமிலாரும் பாண்டுங்கில் எங்கள் அலுவலக வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் காங் என்றால் அண்ணன், நெங் என்றால் தங்கச்சி. கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நான், வாயில் பாதி பஜ்ஜியோடு. என்னைக் குறை சொல்லாதீர்கள். கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இணைய அழைப்பில் குரல் எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டு, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன்.

அந்தச் சேவையை வடிவமைத்தவர்கள் தாதாங்கும் குமிலாரும். குரல் துண்டு துண்டாகத்தான் போகும். ஒவ்வொரு துண்டிலும் கிளம்பிய நேரம் குறித்திருக்கும். பிந்தி வருவதற்குக் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பான் தாதாங். “பிந்தி வந்த பேச்சு குப்பை. தூக்கிப் போடு” என்பார் குமிலார். குமிலார்தான் ஜெயித்தார். கால் நொடி பிந்தினால் குப்பை. அந்தச் சண்டையோடு ஸ்கூட்டரில் கிளம்பியவன்மீதுதான் லாரி ஏறியது.

அவன் போய் நாற்பத்தொன்றாம் நாள். வெள்ளி. பிற்பகல் 2.40. சேவையை வாங்க ஜகார்த்தாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் சண்டை போட்ட லிலிஸ் போகாமல், உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். குமிலார் மைக்கில் பேசினார். அவர் குரல் சிங்கப்பூர் போய்த் திரும்பி, ஒலிபெருக்கியில் வர வேண்டும்.

2.43.

டிக்... டிக்... டிக்...

ஸ்கூட்டர் இண்டிகேட்டர் விளக்கு மினுக்கும் சத்தம்.

“மைக்கை மூடு” என்றார் குமிலார். மூடினேன்.

டிக்... டிக்...

இணையக் கம்பியையே பிடுங்கினார்.

இப்போது மூச்சு. ஈரமான மூச்சு...

“காங்... இந்தத் தடவ லைனை வெட்டாதீங்க... கால் லாரிக்கு அடியில...”

லிலிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரைச்சல் இல்லை. விட்டுப்போன துண்டு ஒன்றுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான குரலை நான் கேட்டதே இல்லை. என் கை தானாக எழுதியது.

ஐந்து.

“எடுத்தேன்டா...” குமிலார் தரையில் உட்கார்ந்துவிட்டார். “உன் குரல்னு தெரிஞ்சதும் வெட்டிட்டேன். பதிவையும் நான்தான் அழிச்சேன்...”

“பரவால்ல, காங்... இனி நான் காத்திருக்கேன்...”

2.47. நின்றது.

ஜகார்த்தாக்காரர்கள் தேநீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். எனக்குத்தான் மனம் அடங்காதே... அந்தத் துண்டுகளில் கிளம்பிய நேரத்தைப் பார்த்தேன். அவன் செத்த அதே நாள். 2.43 முதல் 2.47 வரை.

லிலிஸ் மருத்துவமனைத் தாளைக் காட்டினாள். உயிர் பிரிந்த நேரம் அதே பிற்பகல் 2.21.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் லிலிஸ் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு போகோருக்குப் போனாள். குமிலார் மனைவியோடு சும்பாவா தீவில், இணையம் எட்டாத ஏதோ ஊருக்குக் குடிபோனார். மூன்றே மாதத்தில் மனைவி மட்டும் திரும்பி வந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், 2.43, கதவைச் சாத்திவிட்டாள்.

என்னிடமே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.