ஏணையில் போட்ட மூச்சுப் பட்டி

மகன் மாதம் நிறையாமல் பிறந்தவன். உறக்கத்தில் சிலவேளை மூச்செடுக்க மறந்துவிடுவான். ஆஸ்பத்திரியில், மூச்சு நிற்காமலிருக்கத் துளிமருந்தோடு, பரீட்சார்த்தமாக ஒரு நெஞ்சுப் பட்டியும் தந்தார்கள். துணிக்குள் மயிர் போன்ற இழை. இழைக்குள் வெளிச்சம் ஓடும். நெஞ்சு எழும்பினால் இழை வளைந்து வெளிச்சம் மாறும். சிறு பெட்டியொன்றில் அது அலைக்கோடாகத் தெரியும். மூச்சு நின்றால் கோடு படுத்துவிடும், பெட்டி கத்தும்.

சொன்னபடியே கட்டினேன். இறுக்கமோ என்று அவிழ்த்து, தளர்வோ என்று திரும்பவும் கட்டினேன். அசையாத மரத் தொட்டிலில் அவன் உறங்கவில்லை. எங்கள் ஊர் உப்புக்குளத்தில் பிள்ளைகள் ஏணையில்தான் உறங்கும். என் பழைய சேலையைக் கூரை வளையில் கட்டி, அதற்குள் போட்டு ஆட்டினேன். அலை ஒரே சீராக எழுந்து விழுந்தது.

"என்னைவிட ஒழுங்கா மூச்சு விடுறான் புள்ள. என்ட குறட்டைக்கும் ஒண்டு கேட்டுப் பாரு," என்றார் கணவர்.

"கண்ணூறு படப்போகுது. மாஷா அல்லாஹ் எண்டு சொல்லுங்கோ."

கிளினிக்கில் பெட்டியின் பதிவுகளைப் பார்த்த டொக்டர், மூச்சு சீராக இருக்கிறதென்று மருந்தை நிறுத்தினார். நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு பகல், சோறு பொங்கி வழிகிறதென்று ஏணையிலிருந்து கையை எடுத்தேன். ஆட்டம் ஓய்ந்தது, அலையும் ஓய்ந்தது. பெட்டி கத்தியது. ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினேன். உதடு கறுத்திருந்தது. மெல்ல மூச்சு வந்தது.

கணவர் வந்ததும் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, பட்டியைத் தலையணையில் கட்டி ஏணையில் போட்டு ஆட்டினேன். பெட்டியின் கோட்டில் தலையணை ஒரே சீராக மூச்சு விட்டது. அவர் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார்.

"ஏணைக்க போட்டனீங்களோ? ஏன் சொல்லேல்ல?" என்றார் கிளினிக் தாதி.

"ஒருத்தரும் கேட்கேல்லையே, மிஸ்."

மருந்தைத் திரும்பவும் தொடங்கினார்கள். அது முன்போல் கேட்கும் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டிலில் போட்டால் அழுது நீலம் பாரிக்கிறான். ஏணை ஆடினால் பெட்டிக்கு என் கைதான் தெரியும். ஆடாவிட்டால் அவன் உறங்கான்.

அதனால் அவனை என் நெஞ்சில் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். அவன் உறங்குகிறான். அலை நன்றாகத்தான் எழுகிறது. ஆனால் என் நெஞ்சும் அவனைத் தூக்கி இறக்குகிறது. கோடு யாருடையது என்று அறிய, அடிக்கடி என் மூச்சை அடக்கிப் பார்க்கிறேன்.