நாற்காலித் தொழுகை

பெருநாளுக்கு மறுநாள் என் மனைவி மருந்துக் கடை வாசலில் இருந்த எடை இயந்திரத்தில் ஏறினாள். ஒரு மாதம் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்தவள். முள் முன்பைவிடத் தள்ளிப் போய் நின்றது.

"இது கெட்டுப்போச்சு" என்றாள்.

நான் ஏறிப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் காட்டியது. இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முட்டி வலியால் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதுகொண்டிருந்தாள். எடை குறைந்தால் முட்டி தேறும், தரையில் தொழலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடியாதவர்கள் உட்கார்ந்து தொழலாம் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நெற்றி தரையில் படாதது அவளுக்குப் பெரிய குறை. நோன்பு மாதம் அந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு தட்டு போகும். சமோசா, பழம்பொரி, கோழி அடை. வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. அதனால் இவளும் பொரிப்பாள். பகல் பட்டினி மொத்தமும் எண்ணெயில் போய்ச் சேர்ந்தது.

வீடு வீடாக வரும் சுகாதாரப் பெண்ணிடம் அழாத குறையாகச் சொன்னாள். அந்தப் பெண் மலையாளி. எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசுவாள்.

"பட்டினி கிடக்கண்டா இத்தா. சோறு குறைச்சு, பயறும் முட்டையும் மீன்கறியும் சாப்பிடணும். தினம் வேகமா நடக்கணும். நடக்கும்போ பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதான் கணக்கு."

"யார்கிட்டம்மா பேசறது?" என்றாள் இவள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வெங்காயக் கடையில் மூட்டை பிரிக்கிறவன். மனைவியோடு தெருவில் போனால் எப்போதும் நாலடி முன்னால் போவேன். கூச்சம்தான் காரணம். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு சுள்ளிக்கல் பக்கம் அவளோடு சேர்ந்து நடந்த முதல் நாள், எதிரே வந்த சுமைக்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

"எந்தா இக்கா, புதிய மாப்பிளயோ?"

காது சூடாகிவிட்டது. முன்னால் போகப் பார்த்தேன். இவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி போனா நான் காக்காகிட்டயா பேசறது?"

அவள்தான் பேசினாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க மூஞ்சிய நான் பார்க்கவே இல்ல. அப்படிக் குனிஞ்சிருந்தீங்க. உச்சந்தலையப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னேன்."

இத்தனை வருடம் எனக்கு இது தெரியாது. சிரித்துக்கொண்டே நடந்ததில் தூரம் போனது தெரியவில்லை.

வீட்டில் அந்தச் சுகாதாரப் பெண் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவாள். கால் பலப்பட அது. நாற்காலி வழுக்காமல் நான் பின்னால் பிடித்துக்கொள்வேன். காலையில் சாப்பிடாமல் இருந்துவிட்டு மத்தியானம் சேர்த்துச் சாப்பிடும் பழக்கத்தை விட்டாள். வேகவைத்த பயறும் காய்கறியும் முதலில், சோறு பிறகு. மீன் பொரிப்பதில்லை. சாயாவில் சர்க்கரையை விடுவதற்குத்தான் மிகவும் கஷ்டப்பட்டாள். வெள்ளிக்கிழமை பிரியாணியை மட்டும் விடவில்லை; அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நோன்பு முடிந்தும் பலகாரத்தோடு வந்த பக்கத்து வீட்டுத் தட்டில் பப்பாளி வெட்டி வைத்து அனுப்பினாள். அந்த வீட்டுக்காரி ஓடிவந்து, "என்ன இத்தா, வீட்டுல ஆருக்காவது சுகமில்லையா?" என்று கேட்டாள்.

எடை மெல்லத்தான் இறங்கியது. சில வாரம் அசையவே இல்லை. அப்போதெல்லாம் நடையில் அவள் பேச்சு குறைந்துவிடும். நான்தான் கடையில் நடந்ததைத் தேடிப் பிடித்துச் சொல்வேன். மழைக்காலம் வந்தபோது கையில் இறுகிக் கிடந்த வளையல் லேசாக உருள ஆரம்பித்திருந்தது.

ஒரு நாள் அந்தி மஃரிபு தொழுகைக்கு அவள் தரையில் பாயை விரித்தாள். நான் கதவோரம் நின்றேன். குனிந்தாள், நிமிர்ந்தாள். பிறகு ஒரு கையை ஊன்றி, மெதுவாக முட்டியை மடக்கி இறங்கினாள். நெற்றி தரையைத் தொட்டது. அப்படியே இருந்தாள். வெகுநேரம் எழவில்லை. முட்டி பிடித்துக்கொண்டதோ என்று ஓரடி உள்ளே வைத்தேன். தொழுகையில் இருப்பவளைப் போய்த் தூக்கவும் முடியாது.

எழுந்தாள். தொழுது முடித்து, ஸலாம் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஏன் அப்படி நிக்கறீங்க?"

"எந்திரிக்க முடியலையோன்னு..."

"முடிஞ்சது. எந்திரிக்க மனசு வரல."